கடன் கேட்ட நாளிலேயே கடனைத் தீர்மானிக்காதீர்கள்

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி, பெருமாட்டிப் பஞ்சாயத்துகளின் அயல்கூட்டத் (குடும்பஸ்ரீ பெண்கள் சேமிப்புக் குழு) தலைவிகளுக்கும் செக்ரட்டரிகளுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள அக்கா தங்கைமார்களுக்கு, வணக்கம்.

தவணை தவறிய ஒருத்தியைப் பற்றிக் கூட்டத்தில் பேச்சு வந்தால், "அவளுக்குப் பொறுப்புப் பத்தாது", "கையில காசு நிக்காது" என்று இரண்டு வார்த்தையில் முடிந்துவிடுகிறது. மினிட்ஸ் புத்தகத்தில் தொகை இருக்கிறது, வட்டி இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது. அவள் எந்த வாரத்தில் வந்து கேட்டாள், அன்றைக்கு வீட்டில் என்ன நெருக்கடி, கூட்டத்தில் முதலில் வாய் திறந்தது யார் என்பதைப் பெரும்பாலும் யாரும் எழுதி வைப்பதில்லை. ஆளின் குணத்தைக் குறை சொல்வதற்கு முன் இந்த மூன்றையும் பாருங்கள் என்று கேட்டுத்தான் இதை எழுதுகிறோம். உளவியல் ஆய்வுகளில் இதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. அதில் முக்கியமான ஒன்று நம் மொழி பேசுகிற ஊர்களிலேயே நடந்தது.

விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்துக் கரும்பு விவசாயிகள் 464 பேரை வைத்துச் செய்த ஆய்வு அது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷாஃபிர், ஜியாயிங் ஜாவ் ஆகிய நால்வரும் 2013-ல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். கரும்புக்காரருக்குப் பணம் வருவது ஆண்டுக்கு ஒரு தடவை. வெட்டுக்கு முந்தைய மாதங்களில் கை காய்ந்திருக்கும், வெட்டிக் காசு வந்ததும் மூச்சு விடலாம். ஒரே ஆளை இந்த இரண்டு வேளையிலும் உட்கார வைத்து ஒரே மாதிரிப் புதிர்களைக் கொடுத்தார்கள். ஒன்று, துண்டு விட்டுப்போன ஒரு கோலத்துக்கு எந்தத் துண்டு பொருந்தும் என்று கண்டுபிடிப்பது. எழுத்துப் படிக்கத் தெரியாதவரும் செய்யலாம். இன்னொன்று, தாளில் 5 5 5 என்று இருந்தால் 'ஐந்து' என்று வாய் வரை வருவதை அடக்கிக்கொண்டு, எத்தனை இலக்கம் இருக்கிறதோ அதை, அதாவது 'மூன்று' என்று, சொல்வது.

வெட்டுக்கு முன் கோலப் புதிரில் சராசரியாக 4.35 சரியான விடை. வெட்டுக்குப் பின் அதே ஆட்களுக்கு 5.45. எண் விளையாட்டிலும் பின்னால் வேகம் கூடியது, தவறு குறைந்தது. அடகு வைத்திருந்தவர்கள் வெட்டுக்கு முன் நூற்றுக்கு 78 பேர், பின்னால் 4 பேர். பருவம் மாறியதால் வந்த வித்தியாசமாக இருக்கக்கூடாதா என்று கேட்கலாம். ஆலை எல்லோருக்கும் ஒரே நாளில் வெட்டு உத்தரவு தராது. ஒருவருக்கு இந்த மாதம் என்றால் பக்கத்துக் காட்டுக்காரருக்கு இரண்டு மாதம் கழித்து வரும். மேனோன்பாறைச் சர்க்கரை ஆலை ஓடிய காலத்தில் கரும்பு போட்ட பெரியவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. அதனால் ஒரே மாதத்தில் சிலர் வெட்டுக்கு முன்னும் சிலர் வெட்டுக்குப் பின்னும் இருந்தார்கள். வெயிலையும் மழையையும் காரணம் காட்ட முடியாது.

அந்தப் புதிருக்கும் கடனுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனாலும் கடன் நினைப்பு உள்ளே ஓடிக்கொண்டே இருந்தால் மற்ற கணக்குக்குத் தலையில் இடம் சுருங்குகிறது. ஆளும் அதே ஆள், மூளையும் அதே மூளை. எல்லா இடத்திலும் இப்படி வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவில் ஏழைக் குடும்பங்களைச் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் சோதித்த ஓர் ஆய்வில், 2016-ல் வந்தது, வித்தியாசம் தெரியவில்லை. எங்கள் கணிப்பு, நாலு நாளில் வந்துவிடும் சம்பளத்துக்குக் காத்திருப்பது வேறு, மாதக்கணக்கில் வெள்ளாமைப் பணத்துக்குக் காத்திருப்பது வேறு. ஒடிசாவில் இலைத்தட்டுத் தைக்கிறவர்களுக்குக் கூலியில் ஒரு பகுதியை முன்கூட்டியே கொடுத்தபோது வேலை வேகம் கூடித் தவறு குறைந்தது. அது விழுப்புர ஆய்வின் பக்கமே நிற்கிறது.

நம் ஊரில் தலை சுருங்கும் வாரங்கள் எவை என்று உங்களுக்கே தெரியும். பள்ளிக்கூடம் திறக்கிற ஜூன், ஓணத்துக்கு முந்தைய பத்து நாள், தீபாவளிக்கு முந்தைய வாரம். இதையெல்லாம் விடக் கடுமையானது, நெல்லை ஏற்றி அனுப்பிவிட்டுப் பி.ஆர்.எஸ். சீட்டை (நெல் எடுத்ததற்குத் தரும் ரசீது) கையில் வைத்துக்கொண்டு கணக்கில் பணம் ஏறுமா என்று பார்த்திருக்கிற நாட்கள். கூட்டத்தின் சேமிப்பிலிருந்து கொடுக்கிற உள்கடன் கேட்டு வருவது இந்த வாரங்களில்தான். அப்போதே தொகை, தவணை, காலம் மூன்றையும் ஒரே மூச்சில் பேசி முடிக்கிறோம். நல்ல நாளில் அவளே ஒத்துக்கொள்ளாத தவணைக்கு அன்றைக்குத் தலையாட்டிவிடுகிறாள்.

அதனால் உள்கடனை இரண்டு கூட்டமாகப் பிரியுங்கள். முதல் வாரம் கேட்பது மட்டும். செக்ரட்டரி மூன்று வரி எழுதினால் போதும்: எதற்கு, எவ்வளவு, எந்தப் பணத்திலிருந்து திருப்பிக் கட்டுவாள். மூன்றாவது வரியில் 'எப்படியாவது' என்று எழுதாதீர்கள். பால் பணம், தேங்காய்க்காரர் கொடுப்பது, தொழிலுறப்பு (ஊரக வேலைத் திட்டம்) கூலி என்று பணத்துக்குப் பெயர் இருக்க வேண்டும். அடுத்த வாரம் அதே மூன்று வரியை வாசித்து, "தொகையைக் குறைக்கணுமா, தவணையை மாத்தணுமா?" என்று கேட்டுவிட்டுத் தீர்மானியுங்கள்.

இதில் தவறு நடக்கிற இடம் அவசரச் செலவு. ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறவளிடம் ஒரு வாரம் பொறு என்றால் அவள் நேரே கொள்ளை வட்டிக்குத் தருகிற பிளேடுக்காரனிடம்தான் போவாள். அதற்குத் தனியாக ஒரு சிறு நிதி ஒதுக்குங்கள். ஆளுக்கு 3,000 ரூபாய் வரை, மருத்துவம், சாவு இரண்டுக்கு மட்டும், தலைவியும் செக்ரட்டரியும் அன்றே கொடுக்கலாம் என்று கையில் பணம் இருக்கிற மாதத்தில் தீர்மானம் போட்டு வையுங்கள். உங்கள் கூட்டத்துக்கு 3,000 பெரிது என்றால் 1,500. நெருக்கடி வந்த பிறகு உட்கார்ந்து வரம்பு பேசினால் வேண்டியவளுக்கு ஒரு வரம்பு, வேண்டாதவளுக்கு ஒரு வரம்பு ஆகிவிடும்.

கையில் பணம் வந்த பத்து நாளைச் சும்மா விடாதீர்கள். மேற்கு கென்யாவில் மக்காச்சோளம் போடுகிறவர்கள் அடுத்த தடவை உரம் போடுவோம் என்று சொல்வார்கள். விதைக்கும் வேளை வரும்போது காசு கரைந்திருக்கும். அறுவடை முடிந்த கையோடு அவர்கள் வீட்டு வாசலுக்குப் போய், இப்போதே பணம் கட்டினால் விதைக்கும் நேரத்தில் உரம் வீடு வந்து சேரும், கொண்டுவரும் செலவு உங்களுக்கு இல்லை என்று சொன்னபோது உரம் வாங்கியவர்கள் நன்றாகவே கூடினார்கள். விலையில் பெரிய தள்ளுபடி எதுவும் தரவில்லை, கேட்கிற நாளைத்தான் மாற்றினார்கள். 2011-ல் வெளிவந்த ஆய்வு இது. நமக்கு இரண்டாம் போகம் பிப்ரவரி, மார்ச்சில் அறுவடை. ஜூன் மாதப் பள்ளிச் செலவை அந்த நெல் பணம் ஏறிய வாரத்திலேயே பிள்ளையின் பெயர் எழுதிய ஒரு கவரில் போட்டுச் சீல் வைத்துச் செக்ரட்டரியிடம் கொடுக்கச் சொல்லுங்கள். பிள்ளையின் படத்தையும் கவர்மேல் ஒட்டலாம். இந்தியக் கூலித் தொழிலாளர்களிடம் இப்படிக் கவரில் பிரித்து, குழந்தைகள் படம் ஒட்டிக் கொடுத்துப் பார்த்ததில் சேமிப்பு கூடியது. பிள்ளை முகம் இருக்கிற கவரைக் கிழிக்க யாருக்கும் கை வராது.

"இனிமேல் சேத்து வைக்கிறேன்" என்று கூட்டத்தில் சொல்கிறவளின் எண்ணம் உண்மையானதுதான். ஆனால் அந்த வாக்கியத்தில் எப்போது, எங்கே, எவ்வளவு என்பது இல்லை. ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் காட்டியது: 'இது நடந்தால் இதைச் செய்வேன்' என்று ஒரு நேரத்தோடும் இடத்தோடும் முடிச்சுப் போட்ட வாக்கு, வெறும் ஆசையைவிட நன்றாக நிறைவேறுகிறது. 94 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த 2006-ம் ஆண்டுத் தொகுப்பிலும் அதே முடிவு. "பால் பணம் கைக்கு வந்ததும், சொசைட்டி வாசலிலேயே, கடைக்குப் போறதுக்கு முன்னாடி, 100 ரூபாயைச் செக்ரட்டரி அக்கா கையில கொடுப்பேன்" என்பதுதான் சரியான வாக்கு. 'நேரம் கிடைக்கும்போது', 'மிச்சம் இருந்தால்' இரண்டும் முடிச்சு ஆகாது. ஒருத்திக்கு ஒரு நேரத்தில் ஒரு முடிச்சு போதும். நாலு முடிச்சுப் போட்டால் நாலும் அவிழும்.

அடுத்தது உங்களில் பலருக்குப் பிடிக்காமல் போகலாம். வாராவாரம் கூடுவதையும் வாராவாரம் தவணை கட்டுவதையும் ஒன்றாகக் கட்டி வைத்திருக்கிறோம். கொல்கத்தாவில் நுண்கடன் வாங்கிய பெண்களிடம் இந்த இரண்டையும் தனித்தனியாகச் சோதித்திருக்கிறார்கள். முதல் கடன் காலத்தில் வாரம் ஒருமுறை கூடியவர்கள், மாதம் ஒருமுறை கூடியவர்களைவிட ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய்வருவது கூடியது. அடுத்த கடனை அவர்கள் திருப்பிக் கட்டாமல் விடுவது மூன்றரை மடங்கு குறைந்தது. அடிக்கடி முகம் பார்த்துப் பேசுவதே ஒரு ஜாமீன்போல வேலை செய்தது. இன்னொரு சோதனையில் தவணையை வாரத்திலிருந்து மாதத்துக்கு மாற்றினார்கள். மாதத் தவணைக்காரர்களில் தவணையை நினைத்துக் கவலை, பதற்றம் என்று சொன்னவர்கள் 51 சதவீதம் குறைவு.

இரண்டையும் சேர்த்துப் படித்தால், கூட்டம் வாராவாரம் இருக்கட்டும், தவணை வீட்டுக்குப் பணம் வருகிற நாளோடு ஒத்துப் போகட்டும் என்று ஆகிறது. பால் ஊற்றுகிறவளுக்குப் பால் பணம் வருகிற முறையில் தவணை. நெல் வீட்டுக்கு மாதாமாதம் வட்டி மட்டும், அசல் அறுவடையில். சிறு சேமிப்புத் தொகை வாரம் 20, 30 ரூபாயாக எப்போதும்போலத் தொடரலாம், அது யாருக்கும் தூக்கம் கெடுக்காது. வங்கி அயல்கூட்டத்துக்குத் தருகிற லிங்கேஜ் லோனில் அது போட்ட தவணையை நீங்கள் மாற்ற முடியாது. உள்கடன் உங்கள் கையில்தான் இருக்கிறது. ஒரு எச்சரிக்கை: தவணையைத் தளர்த்திவிட்டுக் கூட்டத்தையும் தளர்த்தினால் கடன் மூழ்கும். "இந்த வாரம் கட்ட ஒண்ணுமில்ல, நான் வரல" என்று ஒருத்தி தொடங்கினால் மூன்றாம் வாரம் நாற்காலி பாதி காலி. கட்ட வேண்டாத வாரத்திலும் வருகைப் பதிவு எடுங்கள், வருவதற்கு ஒரு காரணமும் வையுங்கள். அப்பளம் போடுகிற யூனிட் வேலையோ, பஞ்சாயத்திலிருந்து வந்த மலையாளக் கடிதத்தை ஒருத்தி எல்லோருக்கும் தமிழில் படித்துச் சொல்வதோ, எதுவானாலும் சரி.

தீர்மானிக்கிற வரிசைக்கு வருவோம். தலைவி "கொடுத்துரலாம்" என்றதும் பதினைந்து தலையும் ஆடும். 1950-களில் உளவியலாளர் சாலமன் ஆஷ் செய்த சோதனையில், கோட்டின் நீளம் கண்ணுக்கு நேராகத் தெரிந்தும், முன்னால் பேசியவர்கள் எல்லோரும் தவறாகச் சொன்னதால், நாலில் மூன்று பேர் ஒரு முறையாவது கூட்டத்தோடு சேர்ந்து தவறாகச் சொன்னார்கள். கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியாகச் சொன்னாலும் மற்றவருக்குத் தைரியம் வந்து, அந்தத் தவறு வெகுவாகக் குறைந்தது. கடனுக்கும் இதே வழி: பேச்சுக்கு முன்னால் ஆளுக்கொரு துண்டுச் சீட்டு. கொடுக்கலாம் என்றால் சுழி, குறைத்துக் கொடுக்கலாம் என்றால் கோடு, வேண்டாம் என்றால் பெருக்கல் குறி. எழுதத் தெரியாத பாட்டியும் போடலாம். செக்ரட்டரி எண்ணிச் சொன்ன பிறகு பேச்சு, தலைவி கடைசியில். கேட்டவளின் சம்பந்திக்காரி கூட்டத்தில் இருந்தால் சீட்டு இன்னும் அவசியம். யார் என்ன போட்டார்கள் என்று தெரிகிற மாதிரி எல்லோருக்கும் ஒவ்வொரு நிறத்தில் பேனா கொடுத்துவிடாதீர்கள், ஒரே பேனாவைச் சுற்றில் விடுங்கள்.

தவணை தவறியவர்களின் பெயரைக் கூட்டத்தில் உரக்க வாசிப்பது பல இடங்களில் வழக்கம். வெட்கப்பட்டாவது கட்டுவாள் என்ற நினைப்பு. உளவியலாளர் ஜூன் டாங்னி பல ஆண்டு ஆய்ந்து இரண்டு உணர்ச்சிகளைப் பிரித்துக் காட்டியிருக்கிறார். 'நான் செய்தது தப்பு' என்று தோன்றினால் அதைச் சரிசெய்யத் தோன்றும். 'நானே கேவலம்' என்று தோன்றினால் ஓடி ஒளியவோ எரிந்து விழவோ தோன்றும். பெயர் வாசிப்பு இரண்டாவதைத்தான் கிளப்புகிறது. அடுத்த வாரம் அவள் வர மாட்டாள். அல்லது தண்டலில் வாங்கி உங்கள் தவணையைக் கட்டுவாள். உங்கள் புத்தகத்தில் கணக்கு நேராகிவிடும், அவள் வீட்டில் ஓட்டை பெரிதாகும். இரண்டாம் தவணை தவறுவதற்குள் ஒருத்தி மட்டும், தலைவி வேண்டாம், அவளுக்கு வேண்டியவள், வீட்டுக்குப் போய், "எந்தப் பணம் வரும்னு நெனச்சோம், அது என்னாச்சு?" என்று கேட்கட்டும். 'ஏன் கட்டல' என்பதற்குச் சாக்குதான் பதிலாக வரும். 'எந்தப் பணம்' என்று கேட்டால் கணக்கு வெளியே வரும்.

தண்டல் கணக்கையும் ஒருமுறை எல்லோர் முன்பும் போட்டுக் காட்டுங்கள். 10,000 என்று எழுதி 1,500-ஐப் பிடித்துக்கொண்டு 8,500 கையில் தருவார்கள். நாளுக்கு 100 ரூபாய், 100 நாள். 'நாளுக்கு நூறுதானே' என்று கேட்கும்போது அது ஒரு டீ, வடைக் காசோடு சேர்ந்துவிடுகிறது. விலையை நாள் கணக்கில் நறுக்கிச் சொன்னால் சிறிதாகத் தெரியும் என்று விற்பனைக்காரர்களுக்கு எப்போதோ தெரியும். உண்மையில் அந்த நூறு நாளில் சராசரியாக நம் கையில் இருப்பது 8,500-ல் பாதி, 4,250. அதற்கு வட்டி 1,500. ஆண்டுக் கணக்கில் நூற்றுக்கு 125-க்கும் மேல். கூட்டுறவு வங்கிப் பணத்தைக் குடும்பஸ்ரீ வழியாக வீட்டு வாசலில் தருகிற முற்றத்தே முல்லை கடன், 2018-ல் நம் பாலக்காடு மாவட்டத்தில் தொடங்கியபோது ஆண்டு வட்டி 12 சதவீதம். அதே 8,500-ஐ அதே நூறு நாளில் அந்த வட்டிக்குக் கட்டினால் வட்டி ஏறக்குறைய 140 ரூபாய்.

சதவீதம் சொன்னால் மண்டையில் ஏறாது. அமெரிக்காவில் சம்பளக் கடன் தரும் கடைகளில், பணம் போட்டுத் தருகிற கவரின் மேலேயே, இத்தனை மாதம் இழுத்தால் இத்தனை டாலர் என்று அச்சடித்துக் கொடுத்தார்கள். அடுத்த நாலு மாதத்தில் அந்தக் கவர் வாங்கியவர்கள் கடன் வாங்குவது 11 சதவீதம் குறைந்தது. பெரிய எண்ணிக்கை என்று சொல்ல மாட்டோம், ஆனால் செலவு ஒரு கவர்தான். உங்கள் பாஸ்புக்கின் முதல் பக்கத்தில் '1,500 - 140' என்று இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

லாட்டரியைப் பற்றி ஒரு பத்தி. எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், 2003-ல் தடை வந்ததிலிருந்து, வாங்குகிறவர்கள் வேலந்தாவளம், கோபாலபுரம், வாளையாறு என்று இங்கே வந்து நிற்கிறார்கள். 2023 ஓணம் பம்பரில் 25 கோடி, வாளையாற்றில் விற்ற சீட்டுக்கு, திருப்பூர்க்காரர்களுக்கு விழுந்தது. அந்த ஒரு கதை எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. அதே பம்பரில் ஒன்றும் விழாத லட்சக்கணக்கான சீட்டுகளைப் பற்றி யார் கதை சொல்கிறார்கள்? சட்டென்று ஞாபகத்துக்கு வருவதை அடிக்கடி நடப்பது என்று மனம் எடுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். அதற்காகச் சீட்டு வாங்குகிறவளைக் கூட்டத்தில் கிண்டல் செய்யாதீர்கள்.

'பிள்ளைப் பருவத்திலிருந்தே பொறுமை இல்லாதவள்' என்று சொல்லும் வழக்கத்தையும் விட்டுவிடலாம். ஒரு மிட்டாயைத் தின்னாமல் காத்திருந்தால் இரண்டு கிடைக்கும் என்ற ஸ்டான்ஃபோர்டு சோதனையை, காத்திருந்த பிள்ளைகள் பின்னாளில் நன்றாகப் படித்தார்கள் என்று, நிறையப் பேர் மேடையில் சொல்கிறார்கள். 2018-ல் அதைப் பெரிய அளவில் திரும்பப் பார்த்தபோது, குடும்பச் சூழலைக் கணக்கில் எடுத்ததும் அந்தத் தொடர்பு பெரும்பாலும் கரைந்துவிட்டது. எங்களுக்குப் பிடித்தது 2013-ல் வந்த சின்னச் சோதனை, 28 குழந்தைகள். முதலில் நல்ல கலர் பென்சில் கொண்டுவருகிறேன் என்று சொன்ன பெரியவர் சொன்னபடி கொண்டுவந்தால், பிறகு மிட்டாய்க்காகக் குழந்தை சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தது. சொல்லிவிட்டு வெறுங்கையோடு வந்தால் 3 நிமிடம். அடுத்த மாதம் லோன் வந்துவிடும் என்று மூன்று தடவை சொல்லி வராமல் போன கூட்டத்தில், கிடைத்ததை உடனே எடுத்துக்கொண்டு போகிறவளைப் பொறுமையில்லாதவள் என்பதா? தேதி தெரியாவிட்டால் தேதி சொல்லாதீர்கள்.

கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போன பிறகு நடப்பதும் கடனைப் பாதிக்கிறது. புதிதாகக் கல்யாணமான 124 ஜோடிகளின் சண்டையைப் பதிவு செய்து பார்த்ததில், பேச்சின் முதல் மூன்று நிமிடம் எப்படித் தொடங்கியது என்பதே பின்னால் யார் பிரிவார்கள் என்பதைக் கணிக்கப் போதுமானதாக இருந்தது. ஜான் காட்மன் குழுவின் ஆய்வு, 1999. "நீதான் குடிச்சு அழிச்சே" என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். "இந்த மாசம் 2,400 கட்டணும், எனக்குப் பயமா இருக்கு, எதைக் கொறைக்கலாம்?" என்று தொகையில் தொடங்கச் சொல்லுங்கள். நெஞ்சு படபடவென்று அடிக்கத் தொடங்கினால் இருபது நிமிடம் விலகி நின்றுவிட்டு வந்து பேசுவது நல்லது. கை நீட்டுகிற வீட்டுக்கு இந்த அறிவுரை பொருந்தாது. அங்கே பேச்சின் தொடக்கத்தைத் திருத்தி ஒன்றும் ஆகாது, குடும்பஸ்ரீயின் ஸ்நேகிதா உதவி மையத்தில் சொல்லுங்கள்.

இவ்வளவையும் ஒரே மாதத்தில் தொடங்கினால் எது வேலை செய்தது என்று தெரியாது. இரண்டு கூட்ட முறையையும் துண்டுச் சீட்டையும் மட்டும் முதலில் எடுத்து, ஆறு மாதம் ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு உள்கடனுக்கும் கேட்ட தேதி, தீர்மானித்த தேதி, எந்தப் பணத்திலிருந்து, முதல் தவறிய தவணை எது என்று நாலு குறிப்பு. போன வருஷம் அதே ஆறு மாதத்தில் கொடுத்த கடன்களையும் அதே மாதிரி குறித்தால்தான் ஒப்பிட முடியும், அதிலும் ஜூனை ஜூனோடு வையுங்கள், ஜூனை மார்ச்சோடு வைத்தால் கணக்கு ஏமாற்றும். இதற்குப் புதுப் புத்தகம் வாங்க வேண்டாம். மினிட்ஸ் புத்தகத்தின் வலது ஓரத்தில் ஸ்கேல் வைத்து நாலு கோடு இழுத்தால் போதும்.

இப்படிக்கு,
சித்தூர் தாலுக்காவின் கிழக்குப் பகுதியில் மனநல ஆலோசனையும் கடன் ஆலோசனையும் செய்கிறவர்கள்